சின்னம்மாவுக்கு இரண்டு சுழி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1928 ஏப்ரல் 14

கிள்ளானில் இருக்கும் இராஜம்மாவுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நான் சுகம். உன் சுகத்தையும், மருமகன் சீவரத்தினத்தின் சுகத்தையும், பிள்ளையின் சுகத்தையும் அறிய விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். என் பேத்தி செசிலியை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு வருவதற்காக நான் புதுத் தொட்டில் வாங்கி வைத்திருக்கிறேன் என்று கிள்ளானில் பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். நான் தொட்டில் வாங்கவில்லை. என் மகள் றெஜினா படுத்த தொட்டில் இந்த வீட்டில் ஏற்கனவே இருக்கிறது. அதற்கு வர்ணம்தான் அடித்தேன். மரச் சாமான்களுக்குக் காலத்துக்குக் காலம் வர்ணம் அடிக்காவிட்டால் பூச்சி அரிக்கும்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். றெஜினா கண்மூடி ஆறு மாதத்தில் மருமகன் உன்னைக் கலியாணம் செய்ததில் எனக்குக் கோபம் என்கிறார்கள். கோபம் இல்லை. ஓர் ஆண்பிள்ளை ரயில்வே வேலையும் பார்த்துக்கொண்டு கைக்குழந்தையை வளர்க்க முடியாது. உன் கலியாணத்துக்கு நான் வராததற்குக் காரணம் என் முழங்கால்.

நீ பிள்ளையைப் பொறுப்பெடுத்திருப்பதால் சில காரியங்கள் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பால் கொடுக்க வரும் வீரம்மா நான் ஏற்பாடு செய்தவள். தோட்டத்து லயத்துப் பெண் என்று அவளைக் குறைவாக நடத்தாதே. பிள்ளையை வெயிலில் கொண்டு போகாதே. பிள்ளைக்குப் பேச்சு வரும்போது உன்னைச் சின்னம்மா என்று கூப்பிடப் பழக்கு. அம்மா என்ற சொல் றெஜினாவுக்கு உரியது. அவள் அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆகையால் அதை அவளுக்கென்று வைத்திருப்பது நியாயம்.

உன் கையெழுத்தில் பதிலை எதிர்பார்க்கிறேன்.

மார்க்கிரட் பஸ்தியாம்பிள்ளை

*

கிள்ளான்
1928 ஏப்ரல் 25

மதிப்புக்குரிய மாமிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் காய்ச்சிப் பூசுகிறீர்களா, சும்மா பொறுத்துக்கொண்டு இருக்கிறீர்களா? உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்துப் பார்த்தால் பொறுத்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

தொட்டிலைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னவர்களுக்கு வர்ணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர்கள் சிரித்தார்கள்.

குளந்தைக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. நன்றாகத் தூங்குகிறது. எங்கள் காஜாங் வீட்டில் நான் கடைசிக்கு முதல் பிள்ளை. சின்னப் பிள்ளைகளைத் தூக்கிப் பழக்கம் இல்லை. நான் வந்த முதல் நாள் வீரம்மா, "தூக்கிப் பாருங்கம்மா, கடிச்சிடாது. பல்லுகூட இன்னும் மொளைக்கல" என்று சொல்லித்தான் பிள்ளையை என் மடியில் வைத்தாள்.

நீங்கள் பிள்ளையைப் பற்றி அறிய விரும்புவதால் உள்ளதை எழுதுகிறேன், மண்ணிக்கவும். பிள்ளையைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் வருவதில்லை. பாவம் என்று வருகிறது. அது வீதியில் போகிற பூனைக்குட்டியைப் பார்த்தாலும் வரும். கோயிலில் பெண்கள் என்னிடம் வந்து, பெறாமலே தாயாகிவிட்டாய், கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். என்ன கொடுத்து வைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அழுதால் வீரம்மாவைக் கூப்பிடுகிறேன். அவளும் வருகிறாள்.

சிண்ணம்மா என்று கூப்பிடப் பழக்குகிறேன். ஆனால் எச்சில் ஊதுவதைத் தவிரப் பிள்ளை இப்போது வேறு பேச்சுப் பேசுவதில்லை.

அவர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

ராசம்மா

*

பிரிக்பீல்ட்ஸ்
1928 மே 2

இராஜம்மாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதாக அறிந்து ஆறுதல் அடைந்தேன். எண்ணெய் பூசுகிறேன்.

உன் கடிதத்தைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிமாரிடம் படித்தவள் நான். எழுத்துப் பிழையைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. குழந்தைக்குச் சிறப்பு ழகரம். மன்னிக்கவும் என்பதற்கு இரண்டு சுழி. மூன்று சுழி போட்டால் மண்தான் கண்ணில் படும். எனக்கு மண்ணை ஞாபகப்படுத்த வேண்டாம். சின்னம்மாவுக்கும் இரண்டு சுழி. நீ என்ன முறையோ அந்தச் சொல்லையாவது பிழையில்லாமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். உன் பெயர் இராஜம்மா. ராசம்மா என்பது வீட்டில் கூப்பிடுவது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன் பெரியம்மா பாக்கியம் என்னோடு பேச வந்தாள். நான் கேட்காமலே சொன்னாள். "அவளிட்டைப் பிள்ளையைக் குடுத்திட்டியள், பாவம். அவள் தன்ரையைத் தொட விடாள் அக்கா. சின்னனிலை சிலேட்டுப் பென்சிலைத் தங்கச்சி கேட்டதுக்கு, முறிச்சுக் கிணத்துக்குள்ளை எறிஞ்சவள். குடுக்கேல்லை." சந்தேகக்காரி, சண்டைக்காரி என்றும் சொன்னாள். சொந்தப் பெரியம்மா பொய் சொல்ல மாட்டாள்.

றெஜினா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போன பென்சிலை யாருக்காவது கொடுத்துவிட்டு வெறும் சிலேட்டோடு வீட்டுக்கு வருவாள். ஏன் கொடுத்தாய் என்றால், கேட்டார்கள் அம்மா என்பாள். தனக்கு வேண்டும் என்று அவள் ஒன்றையும் கேட்டதில்லை. ஒருவரையும் தொந்தரவு செய்ததில்லை. அவளிடம் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அப்படித்தான் வளர்த்தேன். அவளுடைய பிள்ளையும் அப்படி வளர வேண்டும். பார்த்துக்கொள்.

நான் தைத்த மூன்று சட்டைகளை மருமகன் கையில் அனுப்புகிறேன். லேஸ் வைத்தது பூசைக்குப் போட.

மார்க்கிரட் பஸ்தியாம்பிள்ளை

*

கிள்ளான்
1928 ஜூன் 10

மாமிக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். சட்டைகள் கிடைத்தன. லேஸ் வைத்தது கழுத்தில் அறுக்கிறது. உள்ளே துணி வைத்துத் தைத்துப் போடுகிறேன்.

உங்கள் காதுக்கு வேறு யாரும் கொண்டு வருவதற்கு முன் நானே சொல்கிறேன். வீரம்மாவை நிறுத்திவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் பிள்ளையைக் குளிக்க வார்த்து மடியில் வைத்திருந்தாள். நான் குசினியிலிருந்து வந்து கையை நீட்டினேன். பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வீரம்மா சிரித்தாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. பால் வாசன அது. ஆத்தா யாருன்னு புள்ளைக்குத் தெரியும்ல" என்றாள். பிறகு பிள்ளையிடம், "நீ ஆத்தாகிட்டயே இருடி ராசாத்தி. அந்தம்மா கையி வெங்காயமா நாறுது" என்றாள்.

மாமி, என் கை வெங்காயம் நாறியது உண்மை. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த ஆத்தா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. பிள்ளையை அவள் மடியிலிருந்து பிடுங்கினேன். "இது என்ரை பிள்ளை. நாளைக்கு நீ வரத் தேவையில்லை" என்றேன். என்ரை பிள்ளை என்று நான் சொன்னதை நானே அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அன்பு வந்து சொல்லவில்லை. எரிச்சலில் சொன்னேன்.

அன்று இருட்டும் வரை பிள்ளை கத்தியது. நான் இறக்கி வைக்கவில்லை. என்னைப் பிடிக்காவிட்டாலும் என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அடுத்த நாள் நான் கரைத்துக் கொடுத்த டின்பாலைத் துப்பியது. அதற்கு அடுத்த நாள் குடித்தது.

வீரம்மா இரண்டு நாள் வாசல் படலையடியில் வந்து நின்றாள். அவள் சட்டை மார்பில் நனைந்திருந்தது. தன் பிள்ளையைப் புதைத்துவிட்டு இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்தவள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிடவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார் அவளைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். இன்னும் கூப்பிடவில்லை.

பாக்கியம் பெரியம்மா சொன்னது சரி. ஆனால் அந்தப் பென்சில் என்னுடையது. தங்கச்சிக்கு அவளுடையது இருந்தது.

ராசம்மா

*

பிரிக்பீல்ட்ஸ்
1928 ஜூன் 14

இராஜம்மாவுக்கு,

சுகம். உங்கள் சுகம் அறிந்தேன்.

உன் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். பிள்ளை மேல் அன்பு இல்லை என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். அன்பு உள்ளவளைப் பொறாமையால் துரத்தியதாகவும் நீயே எழுதியிருக்கிறாய். குற்றத்தை ஒப்புக்கொண்டால் போதும் என்று உனக்கு யாரோ தவறாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள். மனம் திரும்ப வேண்டும்.

பிள்ளை என்பது சிலேட்டுப் பென்சில் அல்ல.

டின்பாலில் வளர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் சிலவற்றின் சவ அடக்கத்துக்கும் போயிருக்கிறேன். செசிலியை இங்கே அனுப்பும்படி மருமகனுக்கு எழுதியிருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் நல்ல பசும்பால் கிடைக்கும். தொட்டில் இருக்கிறது. நான் பறிப்பதாக நினைக்காதே. உனக்கு இது சுமை. சுமையை இறக்கி வைக்க உதவுகிறேன்.

மார்க்கிரட் பஸ்தியாம்பிள்ளை

*

கிள்ளான்
1928 ஜூலை 10

அன்பும் மதிப்பும் உள்ள மாமி அவர்களுக்கு,

நாங்கள் சுகம். தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் மூன்று கடிதங்களுக்கும் உடனே பதில் எழுதாததைப் பொறுத்துக்கொள்ளவும். வீட்டில் பேச்சு நன்றாக இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். தாங்கள் சொல்வதே பிள்ளைக்கு நல்லது என்று முடிவு செய்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை பின்னேர ரயிலில் பிள்ளையைக் கொண்டு வருகிறேன். ஸ்டேஷனுக்கு ஒருவரை அனுப்பினால் நல்லது. எனக்குப் பிள்ளை தூக்கத் தெரியாது.

தங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகன்,
சீவரத்தினம்

*

பிரிக்பீல்ட்ஸ்
1928 ஜூலை 16

இராஜம்மாவுக்கு,

நான் சுகம். பிள்ளை சுகமா என்பதை மட்டும் உடனே எழுது. மற்றவற்றை நான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்பவில்லை. நானே போனேன். இரண்டாம் வகுப்புப் பெட்டிகள் நிற்கும் இடத்தில் நின்றேன். மருமகன் இறங்கினார். ஒரு கையில் குடை. மற்றக் கையில் பிள்ளையின் உடுப்புப் பெட்டி.

"எங்கே?" என்றேன்.

"மாமி, அவள் அறைக்குள்ளை வைச்சுக் கதவைச் சாத்திப்போட்டாள். பெட்டியை மட்டும் யன்னலாலை தந்தவள்."

"பெட்டியை எனக்கு என்னத்துக்கு?"

"நீங்கள் ஸ்டேஷனிலை நிப்பியள் எண்டு தெரியும். வெறுங்கையோடை வர ஏலாமல் கிடந்துது."

"நீர் ஒரு ஆம்பிளை. ஒரு கதவைத் தள்ள முடியேல்லையோ?"

"அது ரயில்வேக் குவாட்டர்ஸ் கதவு, மாமி. உடைச்சால் நான்தான் திருத்திக் குடுக்க வேணும்" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அதன் பிறகுதான் பிள்ளைக்குக் காலையிலிருந்து உடம்பு சுடுகிறது என்ற செய்தியைச் சொன்னார். காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளையை விட்டுவிட்டு எனக்குப் பெட்டி கொண்டு வந்தவரை அடுத்த ரயிலிலேயே திருப்பி அனுப்பினேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். மடிப்பு சரியில்லை. துணி சுத்தமாக இருந்தது. லேஸ் வைத்த சட்டை அதில் இல்லை.

உன்னைப் பற்றி எனக்குச் சொன்னவை எல்லாம் உண்மை என்று காட்டிவிட்டாய். ஆனால் காய்ச்சல் எப்படி என்பதை எழுது. அதை முதலில் எழுது.

மார்க்கிரட் பஸ்தியாம்பிள்ளை

*

பிரிக்பீல்ட்ஸ்
1928 ஆகஸ்ட் 20

இராஜம்மாவுக்கு,

சுகம். உன் சுகத்தை நீ எழுதினால் அறிவேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது என்று மருமகன் ஒரு வரி எழுதியிருந்தார். எனக்கு ஒரு வரி போதாது.

நாளைக்குக் காலையில் றெஜினாவுக்கு ஆண்டுப் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். நாளைக்குப் பிள்ளைக்கும் ஒரு வயது. இரண்டையும் ஒரே நாளில் எப்படி நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ அங்கே என்ன செய்கிறாய் என்று எழுது.

மார்க்கிரட் பஸ்தியாம்பிள்ளை

*

கிள்ளான்
1928 செப்டம்பர் 2

மாமிக்கு,

பிள்ளை சுகம். இதைத்தான் முதலில் எழுதச் சொன்னீர்கள். நானும் அவரும் சுகம். நீங்கள் ஸ்டேஷனில் அவ்வளவு நேரம் நின்றதால் முழங்கால் வீங்கியதாகப் பாக்கியம் பெரியம்மா எழுதியிருந்தா. இப்போது எப்படி?

இவ்வளவு நாளும் பதில் எழுதாததற்கு மண்ணிக்கவும். உங்களுக்குப் பிடிக்காத சொல் என்று எழுதிய பிறகுதான் ஞாபகம் வந்தது. வெட்டினால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் போன பிறகு காய்ச்சல் ஏறியது. வயிறும் நிற்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஒருவர் வசம்பு கொடு என்றார். ஒருவர் கண்ணூறு என்றார். ஒருவர் ஒன்றும் கொடுக்காதே என்றார். நான் ஒருவரையும் நம்பவில்லை. நான் சந்தேகக்காரி என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்தானே. பால்காரனில் சந்தேகப்பட்டுத்தான் டின்பாலுக்குப் போனேன். டின்னில் சந்தேகப்பட்டு எந்த டின்னையும் அடுத்த நாளைக்கு வைப்பதில்லை. தண்ணீரில் சந்தேகப்பட்டு இரண்டு தரம் கொதிக்க வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளையின் கண் மேலே போனது. தூக்கிக்கொண்டு டொக்டர் வீட்டுக்கு ஓடினேன். பிள்ளை உடுத்தியிருந்தது நீங்கள் தைத்த லேஸ் சட்டை. அது பெட்டியில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பெட்டியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

டொக்டர் சாப்பிட்டுப் படுத்திருக்கிறார், நாலு மணிக்கு வாருங்கள் என்று வேலைக்காரன் சொன்னான். நான் வாசற்படியில் இருந்து கத்தத் தொடங்கினேன். அந்த வீதியில் இருந்த நாய் எல்லாம் குரைத்தது. டொக்டர் வீட்டில் கட்டும் சாரத்தோடு வெளியே வந்தார்.

"பெண்பிள்ளை இப்பிடியோ கத்துறது?" என்றார்.

"ஓம் டொக்டர், இப்பிடித்தான். முதல்லை பிள்ளையைப் பாருங்கோ. பிறகு ஆறுதலா இருந்து என்னைப் பேசுங்கோ" என்றேன்.

பார்த்தார். மருந்து கொடுத்தார். முதல் நாள் பிள்ளையை ரயிலில் கொண்டு போக இருந்ததைச் சொன்னேன். இந்த நிலையில் வெயிலில் ரயில் ஏற்றியிருந்தால் என்று தொடங்கியவர், மீதியைச் சொல்லாமல் கையைக் கழுவப் போய்விட்டார். என்னை ஏசவும் இல்லை.

இனி எழுதப் போவதை எழுதாமல் விட்டால் நல்ல மருமகள் என்று பெயர் எடுக்கலாம். பல நாள் யோசித்தேன். நான் நல்லவள் இல்லை.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்து அழுதா. றெஜினா அக்காவின் பேறுகாலத்தில் கூட இருந்தவ அவதான். போன வருஷம் அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாம். இரத்தம் நிற்கவில்லை, டொக்டரைக் கூப்பிடட்டோ என்று மருத்துவிச்சி கேட்டாளாம். "அவர் சாப்பிட்டு ஆறட்டும். ஞாயிற்றுக்கிழமை, தொந்தரவு குடுக்கக் கூடாது. அதுவரைக்கும் நான் பொறுப்பன்" என்று றெஜினா அக்கா சொன்னாவாம். பிறகும் கேட்டாளாம். பிறகும் அதையே சொன்னாவாம். நாலு மணிக்கு ஆள் போனபோது டொக்டர் உடனே வந்தாராம்.

அக்காவிடம் ஒரு குறையும் இல்லை என்று எழுதினீர்கள். என்னுடைய குறையில் ஒன்றாவது அவவுக்கு இருந்திருந்தால், நான் இந்த வீட்டுக்கு வரத் தேவை இருந்திராது.

இன்னும் ஒன்று. இப்போது பிள்ளையைக் கேட்கிறீர்கள். அப்போது ஏன் எடுக்கவில்லை? வீரம்மாவை வைத்தீர்கள். சட்டை தைத்தீர்கள். ஆனால் ஒரு வருஷமாக நீங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கால் என்கிறீர்கள். ஸ்டேஷனில் அதே முழங்காலோடுதான் நின்றீர்கள்.

பிள்ளையின் ஒரு வயதுக்கு ஒன்றும் செய்யவில்லை. காலையில் மூன்று பேரும் பூசைக்குப் போனோம். பின்னேரம் பிள்ளைக்குச் சோறு மசித்துக் கொடுத்தேன். இப்போது வேறு ஆள் கை நீட்டினால் என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. அப்போது எனக்கு வருவது அன்புதானா என்று இன்னும் தெரியவில்லை. மற்றவர்கள் தோற்றதாக ஒரு சந்தோஷம் வருகிறது. அதை வைத்துக்கொண்டு எழும்புகிறேன், காய்ச்சுகிறேன், தோய்க்கிறேன்.

சிண்ணம்மா என்று பழக்கச் சொன்னீர்கள். அந்தச் சொல் எனக்கு எழுதவும் வரவில்லை, வாயிலும் வரவில்லை. அம்மா என்பதில் சுழியே இல்லை மாமி. நான் பிழை விட முடியாத சொல் அது ஒன்றுதான். ஆனால் அது அக்காவுடையது என்கிறீர்கள். மற்றவர்களுடையதை எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. என்னுடையதைக் கொடுக்கிற பழக்கமும் இல்லை. ஆகையால் பிள்ளைக்கு இன்னும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதற்கு நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கள்.

தொட்டில் அங்கே சும்மாதான் நிற்கிறது என்றால் அனுப்பலாம். பிள்ளை பாயிலிருந்து உருண்டு போகிறது.

ராசம்மா

*

பிரிக்பீல்ட்ஸ்
1928 நவம்பர் 4

இராசம்மாவுக்கு,

சுகம் என்று எழுதித் தொடங்குவது என் வழக்கம். இந்தத் தடவை எழுதவில்லை. உங்கள் மூன்று பேரின் சுகத்தையும் நேரில் கண்டுகொண்டதால் விசாரிக்கவும் இல்லை.

உன் கடிதம் செப்டம்பரிலேயே கிடைத்தது. அதைத் திருத்தவில்லை. அதில் நீ கேட்ட கேள்விக்கு இங்கே பதில் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா சொன்னதைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. றெஜினா "பொறுப்பன்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது அவள் சொல்தான். எனக்கு அந்தக் குரல் தெரியும்.

கிள்ளானில் சொல்லப்படும் இன்னொன்றையும் திருத்த வேண்டும். ஆத்துமாக்கள் திருநாளுக்குக்கூட நான் மகளின் கல்லறைக்கு வரவில்லை என்கிறார்களாம். வந்தேன். காலை ரயிலில் வந்து, ரிக்ஷா பிடித்து, உங்களுக்கு முன்னமே சேமக்காலைக்கு வந்துவிட்டேன். நீங்கள் வருவதைக் கண்டதும் மழைமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். ஏன் என்று கேட்காதே.

நீ வாசலில் மெழுகுதிரி விற்பவளோடு சண்டை பிடித்தாய். "நனைஞ்ச திரியை ஆருக்கு விக்கிறாய்? செத்தவைக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சியோ?" என்று நீ கேட்டது மரத்தடி வரை கேட்டது. மருமகன் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் காய்ந்த திரி எடுத்துத் தந்தாள். றெஜினாவாக இருந்தால் நனைந்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருப்பாள். நானும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

பிறகு பிள்ளை தடுமாறி விழப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் பிடிக்கக் குனிந்தாள். அவள் கை படுவதற்கு முன் நீ பறித்து இடுப்பில் வைத்துக்கொண்டாய். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கியது. அவ்வளவு தூரத்தில் நின்றும் என் கையும் நீண்டிருந்தது. அதை மடக்கிக்கொண்டேன். அப்போதுதான் பிள்ளை உன் தோளுக்கு மேலால் என் பக்கம் திரும்பினாள். நெற்றி றெஜினாவின் நெற்றி. இதை நான் ஒரு வருஷமாக எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்த்ததனால் வலி ஒன்றும் குறையவில்லை.

உன்னுடைய குணங்களை நான் நல்லவை என்று சொல்லப் போவதில்லை. பொறாமை பாவம். சுவாமியார் சொன்னபடி வீரம்மாவிடம் போய் மன்னிப்புக் கேள். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பிள்ளையை இனிக் கேட்க மாட்டேன். இதை மருமகனுக்கும் வாசித்துக் காட்டு.

தொட்டிலை நேற்று ரயிலில் ஏற்றிவிட்டேன். வெள்ளை வர்ணம். தலைமாட்டுப் பலகையின் மேல் ஓரத்தில் ஓர் இடம் வர்ணம் இல்லாமல் இருக்கும். வேலையில் குறை என்று நினைக்காதே. அங்கே றெஜினா பல் முளைத்த காலத்தில் கடித்த தடம் இருக்கிறது. அந்த இடத்தை நான் சொல்லித்தான் விட்டார்கள். உன் பிள்ளையும் கடிப்பாள். கடிக்கட்டும்.

சொல்லைப் பற்றி முடிவு கேட்டிருந்தாய். நான் முடிவு சொல்லவில்லை. நீ திரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, பிள்ளையின் விரலைப் பிடித்து, கல்லில் இருந்த பெயரின் மேல் ஒவ்வோர் எழுத்தாக வைத்தாய். ஏதோ சொன்னாய். பிறகு அதே விரலைத் திருப்பி உன் நெஞ்சில் வைத்தாய். மறுபடியும் ஏதோ சொன்னாய். பிள்ளை அதைத் திருப்பிச் சொன்னாள். அவள் வாய் அசைந்ததைக் கண்டேன். அடுத்த கல்லறையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காதும் முன்போல் இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. அன்று முதல் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்லைக் காட்டி என்ன சொன்னாய்? உன்னைக் காட்டி என்ன சொன்னாய்? பிள்ளை எதைத் திருப்பிச் சொன்னாள்? எதுவாக இருந்தாலும் நான் திருத்த மாட்டேன். மருமகனிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். உன் கையால் எழுதி அனுப்பு.

மார்க்கிரட் பஸ்தியாம்பிள்ளை